திரியில் தொடங்கிய கணக்கு

விமான எரிபொருளைப் பரிசோதிக்கும் ஆய்வகங்களில் ஒரு விளக்கு இருக்கும். திரி உண்டு. திரியை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டு. மேலே புகைபோக்கி. கரண்ட் போனால் பரணிலிருந்து இறக்குவோமே சிம்னி விளக்கு, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம், சுடருக்குப் பின்னால் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு அளவுகோல். எரிபொருளை ஊற்றிப் பற்றவைத்து, திரியை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். சுடர் நீளும். ஒரு கட்டத்தில் அதன் நுனியிலிருந்து புகை கிளம்பும். "புகையுது பாரு, திரியை இறக்கு" என்று வீட்டில் பாட்டி சத்தம் போடுவாரே, அந்த இடம். புகையாமல் சுடர் எட்டுகிற அதிகபட்ச உயரத்துக்குப் புகைப்புள்ளி என்று பெயர். மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு அது 25 மி.மீ. இருக்க வேண்டும், எரிபொருளில் நாப்தலீன் வகைகள் 3 சதவீதத்துக்குள் இருந்தால் 18 மி.மீ. வரை சலுகை உண்டு. ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கான இந்தியத் தரமும் குறைந்தபட்சம் 18 மி.மீ. என்றுதான் சொல்கிறது.

இப்போது சுடரைக் கேமரா பார்த்துக்கொள்கிறது, ஆள் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி அதேதான். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் ஒரு டர்பைனுக்கு எதை ஊற்றலாம் என்பதை இன்னமும் ஒரு திரி விளக்குதான் முடிவு செய்கிறது. மெக்கானிகல் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் கோட் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கு இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. யோசிக்க யோசிக்க அந்த விளக்கின் மேல் மரியாதை வந்தது.

ஏனென்றால் மண்ணெண்ணெய் ஒற்றைப் பொருள் இல்லை, ஒரு கூட்டம். நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் அதில் கலந்திருக்கின்றன. சில நீளச் சங்கிலிகள். சில கிளை விட்ட சங்கிலிகள். சில வளையங்கள். வளையங்களில் பென்சீன் குடும்பத்தைச் சேர்ந்தவற்றுக்கு அரோமேட்டிக் என்று பெயர். இரண்டு பென்சீன் வளையம் ஒட்டிக்கொண்டால் நாப்தலீன். துணி பீரோவில் போடுகிற அந்துருண்டை, அதுதான். புகைக்கரி என்பதும் அடிப்படையில் இப்படி வளையத்தோடு வளையம் ஒட்டித் தட்டையாக வளர்ந்து, சுருண்டு, மணியாகத் திரண்ட கார்பன். சங்கிலி மூலக்கூறு கரியாக வேண்டுமென்றால் முதலில் உடைந்து, பிறகு துண்டுகள் சேர்ந்து ஒரு வளையத்தைக் கட்ட வேண்டும். அதற்குள் ஆக்சிஜன் வந்து எரித்துவிட வாய்ப்பு அதிகம். அரோமேட்டிக்கில் வளையம் ஏற்கெனவே ரெடி. ஒருவன் செங்கல் அறுக்கும் முன்பே இன்னொருவன் சுவர் எழுப்பிவிடுகிறான், அவ்வளவுதான் விஷயம். இரட்டை வளையமான நாப்தலீன் இதில் இன்னும் மோசம். அதனால்தான் அந்தச் சலுகையில் அதன் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதையே ஹைட்ரஜன் கணக்காகவும் சொல்லலாம். வளையங்கள் கூடக் கூட எரிபொருளின் எடையில் ஹைட்ரஜனின் பங்கு குறையும். சாதாரண ஜெட் எரிபொருளில் அது சுமார் 13.8 சதவீதம். வளையமே இல்லாத செயற்கை மண்ணெண்ணெயில் 15 சதவீதத்தைத் தாண்டும். கேட்கச் சின்ன வித்தியாசம். புகையில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். விளக்கெண்ணெயில் பென்சீன் வளையமே கிடையாதே, அந்தத் தீபத்தின் மேல் தட்டைக் கவிழ்த்துத்தானே நம் வீடுகளில் கண்மைக்குக் கரி பிடித்தார்கள்? சரியான கேள்விதான். எரிபொருள் பாதி, அது எரியும் இடம் பாதி. குளிர்ந்த தட்டு சுடரைத் தொட்டால் எந்த எண்ணெயும் கரியாகும். டர்பைனுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. எரிகலனின் முன்பகுதியில் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. அங்கே கரி பிறக்கிறது. பின்பகுதியில் புதுக்காற்று வந்து அதில் பெரும்பங்கை எரித்துவிடுகிறது. பிறந்ததில் எரிந்தது போக மிச்சம்தான் வெளியே வருகிறது. சின்ன டர்பைனில் எரிகலனும் சின்னது, கரியை எரித்து முடிக்க அவகாசம் குறைவு. ஐடிலில் ஓடும்போது எரிபொருள் நுண்திவலையாகச் சிதறாமல் கொஞ்சம் பெரிய துளிகளாக விழும். இந்த நிலையில் எரிபொருளின் குணம் அப்படியே வெளியே தெரியும். பெரிய இன்ஜின் வடிவமைப்பால் மறைத்துவிடுகிற குறையைச் சின்ன இன்ஜின் போட்டுக்கொடுத்துவிடும்.

வரலாற்றில் இந்தக் கதை கரியே இல்லாமல்தான் தொடங்கியிருக்க முடியும். 1937இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் தன் முதல் ஜெட் இன்ஜினை ஹைட்ரஜனில் ஓட்டினார். கார்பனே இல்லை, கரிக்கு வழியே இல்லை. ஆனால் ஹைட்ரஜனைக் கட்டிச் சுமப்பது யார்? அதே ஆண்டு இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டிலின் இன்ஜினும் ஓடியது, அது திரவ எரிபொருளில். போர்க்காலத்தில் பெட்ரோல் பிஸ்டன் விமானங்களுக்கே தேவைப்பட்டது. விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஜெட்டின் எரிபொருளானது. விளக்கோடு சேர்ந்து விளக்கின் சோதனையும் விமானத்துக்குள் வந்தது.

போருக்குப் பிறகு பிரான்ஸில் டர்போமெக்கா நிறுவனம் ஆர்டூஸ்ட் என்ற குட்டி டர்பைனை உருவாக்கியது. விமானங்களுக்குத் துணை மின்சாரமும் காற்றழுத்தமும் தருவதற்கான யோசனையாக ஆரம்பித்து, அது ஹெலிகாப்டர்களுக்குள் போனது. 1955இல் பறந்த அலுவெட் 2, அடுத்து அலுவெட் 3. அந்த அலுவெட் 3ஐத்தான் பெங்களூரின் எச்ஏஎல் 1962 ஒப்பந்தத்தின்படி உரிமம் வாங்கி 'சேத்தக்' என்று கட்டியது. ஆர்டூஸ்ட் இன்ஜினையும் அங்கேயே செய்தார்கள். ஆவடியிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே போனால் அரக்கோணம். அங்கே 1992இல் தொடங்கிய ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்தில் ஹெலிகாப்டர் விமானிகள் பல வருஷங்களாகச் சேத்தக்கில்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1950களின் எரிகலன், அரக்கோணம் வானத்தில்.

இதே குடும்பத்து ஆர்டூஸ்ட் ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. விமானத்தில் துணை மின் அலகாக இருந்த இன்ஜின். 2010களில் அதற்கு விதவிதமான எரிபொருள்களை ஊற்றி, வால்பக்கம் வரும் துகள்களை எண்ணினார்கள். ஹைட்ரஜன் பங்கு ஏற ஏற, துகளின் எடையும் குறைந்தது, எண்ணிக்கையும் குறைந்தது, ஒவ்வொரு துகளின் உருவமும் சிறுத்தது. அமெரிக்க விமானப் படையின் ஆய்வகம் டி63 என்ற 300 சொச்சம் குதிரைத்திறன் ஹெலிகாப்டர் இன்ஜினை வைத்து 2000களில் செய்த சோதனைகளும் இதையே சொல்கின்றன. அதில் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த செயற்கை மண்ணெண்ணெயை ஊற்றியபோது துகள் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ஐடிலில் சரிவு இன்னும் அதிகம். இன்ஜினில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை.

அந்த டி63க்கு இன்னொரு முன்கதை உண்டு, எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த திருப்பம் அதுதான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, நல்ல கச்சா எண்ணெய் இனிக் கிடைக்காது, ஷேல் பாறையிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வளையம் மலிந்த எண்ணெயைத்தான் எரிக்க வேண்டிவரும் என்று அமெரிக்கா பயந்தது. நாசா 12.8 சதவீத ஹைட்ரஜன் கொண்ட ஒரு 'மோசமான' சோதனை எரிபொருளையே வரையறுத்தது. எரிபொருள் எவ்வளவு தரம் தாழ்ந்தால் இன்ஜின் தாங்கும் என்பது அன்றைய கேள்வி. டி63இன் எரிகலனில் அப்போது நடந்த சோதனைகள், ஹைட்ரஜன் குறையக் குறையக் கரி ஏறும் என்று கோடு போட்டுக் காட்டின. பயந்தபடி நடக்கவில்லை, எண்ணெய் விலை 80களில் இறங்கியது, அறிக்கைகள் அலமாரிக்குப் போயின. முப்பது வருஷம் கழித்து வேறு கூட்டம் அந்தக் கோட்டையே எடுத்து எதிர்ப்பக்கமாக நடந்து பார்த்தது: ஹைட்ரஜனை ஏற்றினால் எவ்வளவு சுத்தமாகும்? 2009இல் நாசா தன் டிசி-8 விமானத்தை கலிஃபோர்னியாவில் தரையில் நிறுத்திச் செயற்கை எரிபொருள்களை எரித்தது. அடுத்து வானில் பின்தொடர்ந்து அளந்தார்கள். பாதிக்குப் பாதி உயிரி எரிபொருள் கலந்தபோது துகள்கள் 50 முதல் 70 சதவீதம் குறைந்ததாக 2017இல் நேச்சர் இதழில் வந்தது.

சரி, இவ்வளவு தெரிந்திருக்கிறதே, விதிகள் என்ன சொல்கின்றன? இங்கேதான் எரிச்சல் வரும்.

1960களின் ஜெட்கள் கறுப்பு வால் விட்டுக்கொண்டு பறந்தன. ஊர் மக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், புகார் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் புகை எண். வெளியேறும் வாயுவை ஒரு வடிதாள் வழியாக இழுத்து, வெள்ளைத் தாள் எவ்வளவு கறுத்தது என்று பார்ப்பது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 80களின் தொடக்கத்தில் இதை உலக விதியாக்கியது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை குறைந்தால் போதும் என்பது அதன் இலக்கு. இன்ஜின்காரர்கள் செய்து காட்டினார்கள். வால் மறைந்தது. துகள் மறையவில்லை, தாளில் தெரியாத அளவுக்குப் பொடியாகிவிட்டது. சோதனையில் பாஸாக எழுதிய கோட் சோதனையில் மட்டும் பாஸாகும் என்பது எங்கள் தொழிலில் தினசரி அனுபவம், அதனால் இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2020இலிருந்து துகளையே அளக்கும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் சோதனை முறையில் ஒரு வரி முக்கியம்: அளந்த அளவை, எரிபொருளில் 13.8 சதவீத ஹைட்ரஜன் இருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். அதாவது எரிபொருளைப் பொறுத்துக் கரி மாறும் என்பதை விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் சிவில் ஜெட் எரிபொருளின் தரப்பட்டியலில் ஹைட்ரஜனுக்குக் குறைந்தபட்ச அளவு என்று எதுவும் இல்லை. அரோமேட்டிக் 25 சதவீதம் வரை இருக்கலாம். கந்தகம் 0.3 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 3,000 பங்கு வரை அனுமதி. பூந்தமல்லி டிப்போவிலிருந்து கிளம்பும் பஸ்ஸின் டீசலுக்கு 2020 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10. சந்தையில் வரும் ஜெட் எரிபொருளில் கந்தகம் உச்சவரம்பைவிட நன்றாகக் குறைவாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் 3,000 எங்கே, 10 எங்கே. கந்தகம் கரியாவதில்லை, ஆனால் வெளியே வந்து குளிர்ந்ததும் சல்ஃபேட் துகள்களாகித் துகள் எண்ணிக்கையைக் கூட்டும்.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. புதிய துகள் விதி 26.7 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2.7 டன் உந்துவிசைக்கு மேற்பட்ட ஜெட் இன்ஜின்களுக்கு மட்டும். ஹெலிகாப்டர் இன்ஜின் இதில் வராது. நிற்கும் விமானத்தின் வாலில் இரைந்துகொண்டிருக்கும் துணை மின் அலகு வராது. விசிறி வைத்த டர்போபிராப் எதுவும் வராது. சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் போகிற ஏடிஆர் 72இல் இருப்பது தலா சுமார் 2,500 குதிரைத்திறன் டர்போபிராப் இரண்டு. அந்த விமானத்துக்குத் துணை மின் அலகே கிடையாது. நிற்கும்போது வலப்பக்க இன்ஜினின் விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு, டர்பைனை ஓடவிட்டு ஏசிக்கும் விளக்குக்கும் கரண்ட் எடுப்பார்கள். 'ஹோட்டல் மோட்' என்று அதற்குப் பெயர், பெயர் என்னவோ அழகு. பெட்டி ஏற்றுகிறவர்களும் படி தள்ளுகிறவர்களும் அந்தக் காற்றில்தான் நிற்கிறார்கள். குறைந்த சுமை, மோசமான திவலை, எரிபொருளின் குணம் முழுசாக வெளியே தெரியும் நிலை. ஆய்வகத்தில் எது கெட்ட நிலையோ, அதிலேயே மனிதர்கள் மிக அருகில்.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இதில் என்ன? ஆவடி டீசல் ஊர். 1965இல் விஜயந்தாவில் ஆரம்பித்து அர்ஜுன் வரை கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வந்த டாங்கிகள் டீசலில் ஓடுபவை. ரஷ்யாவின் டி-80உம் அமெரிக்காவின் ஏப்ரம்ஸும் டர்பைனுக்குப் போனபோதும் ஆவடி போகவில்லை. ஆனால் அர்ஜுனை வடிவமைத்த அதே சிவிஆர்டிஇதான் தேஜஸ் போர் விமானத்தின் துணைக் கருவிப் பல்சக்கரப் பெட்டியையும் வடிவமைத்தது. அந்தப் பெட்டியோடு இணைந்திருக்கிறது எச்ஏஎல் செய்த ஒரு கைக்கு அடக்கமான டர்பைன். முக்கிய இன்ஜினைச் சுழற்றி உசுப்பிவிடுவது மட்டும் அதன் வேலை. ஆவடி ரயிலில் சென்ட்ரல் போகிறவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். ரயில் சிக்னலுக்கு நிற்கிற பேசின் பிரிட்ஜில், பழைய நிலக்கரி மின்நிலையம் இருந்த பகுதியில், 1996இல் வந்த எரிவாயு டர்பைன் நிலையம். தலா 30 மெகாவாட் வீதம் நான்கு. பெயரில்தான் எரிவாயு, ஊற்றுவது நாப்தா. நாப்தா மண்ணெண்ணெயைவிட லேசானது, சட்டென்று ஆவியாகும், ஹைட்ரஜன் பங்கும் அதிகம்; கரிக் கணக்கில் அது நல்ல பிள்ளை. விலைக் கணக்கில் இல்லை. அதனால் அது எப்போதும் ஓடுகிற நிலையமும் இல்லை.

ஆக, சின்ன டர்பைனை மாற்றுவது லேசில்லை. ஆர்டூஸ்டுக்கு 70 வயசு, இன்னும் பறக்கிறது. விதி அவற்றைத் தொடாது. மிச்சம் இருக்கிற ஒரே பிடி எரிபொருள். அது ஒரே நாளில் எல்லா வயசு இன்ஜினுக்கும் போய்ச் சேரும்.

இந்தியா அதைத் தொட்டுப் பார்த்த தேதி 2018 ஆகஸ்ட் 27. டேராடூனிலுள்ள இந்திய பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளை 25 சதவீதம் கலந்து, ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400 டர்போபிராப் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அந்த டிசம்பரில் விமானப் படையின் ஏஎன்-32 பத்து சதவீதக் கலவையில் பறந்தது. 2020 ஜனவரியில் லே வரை போய் இறங்கியது. இரண்டுமே டர்போபிராப்கள். நம் செய்திகளில் டீசல் இறக்குமதியும் கார்பனும் பேசப்பட்டன. புகைக்கரியைப் பற்றி ஒரு வரி நான் வாசித்த எதிலும் இல்லை.

அப்படியென்றால் நூறு சதவீதமும் ஊற்றிவிடலாமே? தடை எதில் தெரியுமா, ரப்பர் வளையத்தில். பழைய இன்ஜின்களின் எரிபொருள் குழாய் இணைப்புகளில் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள் இருக்கும். எந்த ஓ-ரிங் எதில் ஊறினால் உப்பும் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயில் சீல் விற்கிறவரைக் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார். அரோமேட்டிக்கில் ஊறி உப்பித்தான் அவை இணைப்பை இறுக்கிப் பிடிக்கின்றன. அது போனால் சுருங்கி, ஒழுகும். எனவே கலவையில் குறைந்தது 8 சதவீதம் அரோமேட்டிக் வேண்டும் என்று தரவிதி. நுரையீரலுக்கு ஆகாதது ரப்பருக்கு வேண்டியிருக்கிறது. 2022 ஜூனில் சுவீடனில் ஒரு ஏடிஆர் 72 இரண்டு இன்ஜினிலும் நூறு சதவீத மாற்று எரிபொருளோடு பறந்து காட்டியது, ஆனால் சோதனைப் பறத்தலாக. அன்றாடத்துக்கு 8 போதும் என்றாலும்கூட 25 வரை விட்டுவைத்திருப்பதற்கு ரப்பரைக் காரணம் சொல்ல முடியாது. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் ஏற்றி நாப்தலீனைக் குறைக்கும் வித்தை பழையது. செலவு யார் தலையில் என்பதுதான் பிரச்சினை.

காட்டாமணக்கு என்றதும் தமிழ்நாட்டுக்காரர்கள் உஷாராக வேண்டும். தண்டை ஒடித்து, வழியும் பாலை ஊதிக் குமிழி விட்ட செடிதான். வேலியில் தானாக வளர்கிறதே, தண்ணீர் வேண்டாம், தரிசில் போடு, டீசல் காய்க்கும் என்று 2000களில் இங்கே அதைப் பரப்பினார்கள். 2010இல் அரிசா-மான்டோபியோவும் ஷரச்சந்திர லெலேயும் தமிழ்நாட்டுக் காட்டாமணக்குத் தோட்டங்களைப் பற்றி எழுதிய ஆய்வு, விளைச்சல் சொன்னதில் ஒரு பங்குகூட வரவில்லை, நட்டவர்களே கைவிட்டார்கள் என்று காட்டியது. விமானத்தின் புகையைக் குறைக்க மானாவாரி விவசாயியின் நிலத்தைக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வடை சட்டியின் மிச்ச எண்ணெய் பரவாயில்லை. அதைச் சேகரிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் திட்டமும் போட்டது. ஆனால் எத்தனை வடை சுட்டாலும் அளவு போதாது. சர்வதேசப் பறத்தல்களுக்கு அரசு வைத்திருக்கும் கலப்பு இலக்கே 2027இல் ஒரு சதவீதம், 2028இல் இரண்டு. இந்த வேகத்தில் ஏடிஆர் பக்கம் வர எவ்வளவு காலமோ. அதற்கு முன்னால் செய்யக்கூடியது, இருக்கிற மண்ணெண்ணெயில் வளையத்தைக் குறைப்பது.

அதைக் கேட்க நம் கையில் எண் வேண்டும். 2014இல் நீலாக்ஷி ஹட்டாவும் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து சகாக்களும் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் காற்றடிக்கும் திசையில் வண்டியில் கருவியை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 10 கி.மீ. தள்ளியும் நுண்துகள் எண்ணிக்கை நாலு மடங்கு, 16 கி.மீ. தள்ளி இரண்டு மடங்கு. மேப்பில் மீனம்பாக்கத்திலிருந்து கோடு போட்டுப் பாருங்கள். பூந்தமல்லி நேர்கோட்டில் சுமார் 10 கி.மீ. அம்பத்தூர் 14க்குள். ஆவடி கிட்டத்தட்ட 16. மூன்றும் வடமேற்கும் வடக்குமாக. கோடையில் மத்தியானத்துக்கு மேல் "காத்து வந்திருச்சு" என்று நாம் சட்டைப் பொத்தானைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் கடற்காற்று, கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வருவது.

ஆலந்தூர் பஸ் டிப்போவில் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது, விமான நிலையத்துக்கு அருகிலேயே. அது பிஎம் 2.5ஐ எடை போடுகிறது. 2.5 மைக்ரான் தூசி ஒன்றின் எடையும், 25 நானோமீட்டர் டர்பைன் துகள்கள் 10 லட்சத்தின் எடையும் ஏறக்குறைய ஒன்று. 2009இல் வந்த நம் தேசியக் காற்றுத் தரத்தில் எடைக்கு வரம்பு உண்டு, எண்ணிக்கைக்கு ஒரு வரியும் இல்லை. எண்ணும் கருவிகள் நம் ஐஐடி ஆய்வகங்களில் பயன்படுபவைதான். ஏப்ரல் மாதத்துச் சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை, கொளப்பாக்கத்தில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று, ஆவடி மார்க்கெட் பக்கம் ஒன்று. முதல் பட்டியலுக்கு ஒரு வாரம் போதும்.